பன்னிரண்டாவது கட்டளை

சில்லு இன்னும் பிறக்கவில்லை.
ஜூனில் வரும் என்கிறது தொழிற்சாலை.
அதுவரை அது ஒரு பாவனை;
என் மேசைக்கடியில் உறுமும் கணினிக்குள்
வேறொரு கணினியாக நடிக்கும் நிரல்.

கடல்பனியின் தடிமன் அளக்க ஒரு மிதவை,
மிதவைக்கு இது மூளை.
ஊலு நகரம், ஜனவரி.
பத்தரைக்கு வரும் வெளிச்சம்
கையெழுத்துப் போட்டுவிட்டு
இரண்டரைக்குக் கிளம்பிவிடும்.

இங்கே தொகுத்து அங்கே ஓட்டுவது என்றால்,
இன்னும் கட்டாத வீட்டின் பூட்டுக்கு
இங்கிருந்தே சாவி வார்த்து அனுப்புவது.
தொகுப்பான் எச்சரிக்கை ஒன்றும் சொல்லவில்லை.
இணைப்பான் வாயே திறக்கவில்லை.
ஓடவிட்டேன்.

பதினோரு கட்டளை நடந்தது.
பன்னிரண்டில் விழுந்தது.
விழுந்தால் தூக்கவேண்டியவனின் முகவரி
பூஜ்யம் என்று இருந்ததால்
அங்கே போய் விழுந்தது,
விழுந்ததற்காக மறுபடி விழுந்தது;
நான் நிறுத்துவதற்குள்
பதிவுக் கோப்பு இரண்டு ஜிகாபைட்.

"அச்சிட்டுப் பார்த்தாயா, சைலா?"
கம்பளிக் காலுறையோடு வந்து நின்றான் தார்மோ.
அச்சிட வாய் வேண்டும்.
வாய் முளைக்கும் முன்பே செத்ததிடம்
என்ன கேட்பது?
"அப்படியென்றால் தொகுப்பானில்தான் பிழை."
ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்;
எங்கள் தொழிலில் அது காலை வணக்கம் மாதிரி.

வெட்டத் தொடங்கினேன்.
வானொலியை எடுத்தேன். உணரியை எடுத்தேன்.
கடிகாரம், பிறகு கணக்கு, பிறகு
கணக்கை நம்பியிருந்த எல்லாம்.
கடைசியில் மிஞ்சியது
எதுவுமே செய்யாத நிரல்.
தன்னையே சுற்றிக்கொண்டு
சும்மா இருக்கவேண்டியது அதன் வேலை.

அதுவும் பன்னிரண்டில் செத்தது.

அப்போதுதான் எனக்குப் பசித்தது.
சும்மா இருப்பவனையும் கொன்றிருக்கிறது என்றால்
குற்றம் அவன் செய்ததில் இல்லை,
நின்ற இடத்தில்.

கம்பு ரொட்டியைக் கடித்தபடி
விரலைத் திரையில் வைத்து வரி வரியாக இறங்கினேன்.
எட்டு, பூஜ்யம், மூன்று,
நான்கு எஃப், கடைசியில் ஓர் எட்டு.
அடுக்கின் உச்சி.
திரும்பும் வழி மறக்காமலிருக்க
நிரல் முதன்முதலாக
எதையோ குறித்துவைக்கப் போன இடம்.

அந்த இடம் இல்லை.

இணைப்பானின் கோப்பில் நினைவகம் நான்கு மெகாபைட்.
பாவனைக்கு யாரோ கொடுத்தது இரண்டு.
பத்திரத்தில் நான்கு சென்ட், அளந்தால் இரண்டு;
கடைசி அறைச் சுவரில் ஆணியடிக்கப் போனவன்
சுவரும் இல்லாமல் தரையும் இல்லாமல்
வெளியே போய்விட்டான்.

யாரோ அல்ல.
மாற்றப் பதிவைப் புரட்டினேன்:
நவம்பர் பத்தொன்பது, மாலை நாலு நாற்பது,
சைலா கொர்தெஸ்னியெமி.
"சீக்கிரம் துவங்கட்டும், தற்காலிகம்."
அன்று எதற்கு அவ்வளவு அவசரம் என்று
எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.
தொகுப்பானைப் பற்றி நானும் ஒன்றிரண்டு
மனசுக்குள் சொல்லியிருந்தேன்.
திரும்ப எடுத்துக்கொண்டேன்.

இரண்டை அழித்து நான்கு.
வெட்டியதையெல்லாம் ஒட்டி
மறுபடி ஓடவிட்டேன்.

பன்னிரண்டு தாண்டியது.
பதிமூன்று. நூறு. ஆயிரத்து ஏதோ.
கருப்புத் திரையில் ஓரெழுத்து, இன்னொன்று,
மூன்றாவது: யா.
எங்கள் மொழியில் பனிக்கட்டி.
முக்காற்புள்ளியும் வைத்துவிட்டு
எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல வாயெடுத்தது,
தசமப் புள்ளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

நாலாயிரத்து நூற்றுப் பதினாறு.
இந்தக் கட்டளை எனக்குத் தெரியாது என்கிறது பாவனை.
பின்னங்களுக்கான அலகை
யாரோ இயக்கவே இல்லை.
(யாரோ. பார்க்கலாம்.)

ஜன்னலுக்கு அப்பால் நிஜக் கடல்
அளக்க ஆளில்லாமல் தடித்துக்கொண்டிருந்தது.
"தார்மோ, ஓடிவா," என்றேன்,
"எவ்வளவு தூரம் போய்ச் செத்திருக்கிறது பார்!"
வந்தான்.
என் மீதி ரொட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு
நாற்காலியை இழுத்தான்.